முடியாத விளையாட்டுக்கு முழுக் காசு

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகன் இந்த ஆண்டு மூன்றாம் படிவம் படிக்கிறான். போன தீபாவளிக்குச் சேர்ந்த அங்பாவ் பணத்தை எண்ணி, அதிலிருந்து 95 வெள்ளியை என் கையில் வைத்து, "மாமா, உங்க கார்டுல இந்த கேம வாங்கித் தாங்க" என்றான். ஒரு தீவில் ஊர் கட்டும் கணினி விளையாட்டு. இணையக் கடையில் படங்களைப் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. வாங்கிக் கொடுத்தேன்.

விளையாட்டு இன்னும் முழுதாக முடியவில்லை என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. மீதி ஆறு மாதத்தில் வந்துவிடும் என்றும் அதற்குக் கீழேயே எழுதியிருந்தது. தீவையும் எதிர்க்கரையையும் இணைக்க ஒரு பாலம் உண்டு. முதல் மாதம் பாலத்தின் பாதி வரைக்கும் போகலாம், அதற்கப்புறம் கடல். இரண்டாம் மாதம் ஒரு அப்டேட் வந்தது, பாதிப் பாலத்துக்கு விளக்குக் கம்பம் வைத்தார்கள். அதோடு சரி. தயாரித்தவர்கள் வந்து பேசிக்கொண்டிருந்த அரட்டை அறை முதலில் அமைதியானது, பிறகு பூட்டப்பட்டது. விளையாட்டு மட்டும் இன்றும் விற்பனையில் இருக்கிறது, அதே 95 வெள்ளிக்கு. யார் தயாரித்தது, எந்தக் கடை என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு ஆளைப் பிடித்துக் கொடுக்க எழுதும் மடல் அல்ல இது.

பையன் அழவில்லை. "பாலம் கட்டறவரு ஓடிட்டாரு மாமா" என்று சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கிட்டத்தட்ட இதே வார்த்தையை 1998இல் என் அப்பா வாயால் கேட்டிருக்கிறேன்.

அப்பாவுக்குச் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை. சிலாங்கூரில் புதிதாக வரவிருந்த ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், மாடி வீடு ஒன்றுக்குப் பணம் கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய், "அதோ, மூணாவது தூண்லேர்ந்து நம்ம வீடு" என்று காட்டுவார். தூண்கள் நிற்கும், கூரை இருக்காது. வாசலில் பெரிய பலகை: நிழல் தரும் மரங்கள், சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள், நீல வானம். மூலையில் சின்ன எழுத்தில் 'ஓவியரின் கற்பனை' என்றிருக்கும். பொருளாதார நெருக்கடி வந்தது, மேம்பாட்டாளர் காணாமல் போனார், தூண்களுக்கு நடுவே லாலான் புல் முளைத்தது. வங்கிக் கடனை மட்டும் மாதம் தவறாமல் பிடித்தார்கள்.

வீடு கட்டுகிறவரும் டெவலப்பர், விளையாட்டு செய்கிறவரும் டெவலப்பர். ஆங்கிலம் இந்த இரண்டு பேருக்கும் ஒரே பெயரை வைத்தது தற்செயலாக இருக்கலாம். இரண்டு பேரிடமும் நாம் வாங்குவது ஒன்றைத்தான்: இன்னும் இல்லாத ஒன்றைக் கட்டித் தருகிறேன் என்ற வாக்கு.

கட்டி முடிக்காத வீட்டை விற்கலாம் என்று இந்த நாடு ஒத்துக்கொண்டது. ஆனால் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்படி மேம்பாட்டாளருக்கு உரிமம் வேண்டும். வாங்குகிறவர் கட்டும் பணம் வீடமைப்பு மேம்பாட்டுக் கணக்கு என்ற தனிக் கணக்கில் போய் விழும். முழுப் பணத்தையும் ஒரே மூச்சில் வாங்க முடியாது. கையெழுத்துக்கு 10 விழுக்காடு, அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று வேலை ஏற ஏறத்தான் பணம் ஏறும். தரை வீடானால் 24 மாதம், அடுக்குமாடியானால் 36 மாதம் என்று ஒப்பந்தத்திலேயே கெடு இருக்கிறது. தாமதமானால் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில், நாளுக்கு நாள் நட்ட ஈடு. சாவி வாங்கிய பிறகும் 24 மாதத்துக்கு விரிசல், ஒழுக்கு எதுவானாலும் கட்டியவர் பொறுப்பு. இவ்வளவும் இருந்தும் எத்தனையோ திட்டங்கள் கைவிடப்பட்டன, அப்பாவின் வீடு உட்பட. அப்புறம் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில், திட்டத்தைக் கைவிட்டு ஓடுவதே குற்றம் என்றாக்கினார்கள். சட்டம் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தது. அப்பாவுக்கு அது பிந்திப் போனது, எனக்கு உதவியது. இன்று நான் குடியிருக்கும் வீடும் கட்டுவதற்கு முன் வாங்கியதுதான். பயமில்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

விளையாட்டுக்கு இதில் ஒரு வரிகூட இல்லை.

அமைச்சில் விளையாடுகிறவர்கள் இருப்பீர்கள், அவர்களுக்கு அடுத்த சில பத்திகள் தெரிந்த கதை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முடியாத விளையாட்டைக் காசு கொடுத்து வாங்க இன்று மூன்று வழிகள் உண்டு. ஒன்று பிரி-ஆர்டர்: வெளியீட்டுக்கு முன்பே முழு விலை. இரண்டாவது ஏர்லி ஆக்சஸ்: பாதி முடிந்ததை இப்போதே விளையாடலாம், மீதி பிறகு வரும். கணினி விளையாட்டுகளின் பெரிய இணையக் கடையான ஸ்டீம் 2013 மார்ச்சில் இதற்கென்றே ஒரு பகுதி திறந்தது, பிறகு இது எங்கும் பரவிவிட்டது. மூன்றாவது கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்களில் திரட்டும் பணம். அதை வாங்குவது என்றே சொல்ல முடியாது, மொய் எழுதுவது மாதிரி.

இதில் எனக்குப் புரியவே புரியாதது பிரி-ஆர்டர்தான். லோ யாட் பிளாசா கணினிக் கடைகளில் டிஸ்க் வாங்கிய காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கடைக்கு இருபது பெட்டி வரும், இருபத்தோராவது ஆளுக்குக் கிடைக்காது, அதனால் முன்பணம் வைப்போம். இணையத்தில் இறக்கும் விளையாட்டு எப்படித் தீரும்? தீராத பொருளுக்கு எதற்கு முன்பதிவு? விற்கிறவருக்கு மட்டும் காரணம் உண்டு. விளையாட்டு எப்படி இருக்கிறது என்று நாலு பேர் எழுதுவதற்கு முன்பே பணம் உள்ளே வந்துவிடும். தங்கக் கவசம், தனி வாள் என்று இனாம் காட்டுவதெல்லாம் அதற்குத்தான்.

சைபர்பங்க் 2077ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பலமுறை தள்ளிப்போய் 2020 டிசம்பர் 10ஆம் தேதி வந்தது. வருவதற்கு முன்பே 80 லட்சம் பிரதிகள் விற்றுவிட்டதாக அந்த நிறுவனமே அறிவித்தது. சோனியின் பழைய விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷன் 4இல் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, எட்டே நாளில் சோனி அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. மறுபடி கடையில் வைக்க 2021 ஜூன் ஆனது. அந்த விளையாட்டு பிறகு நன்றாகத் தேறிவிட்டது என்பதும் உண்மைதான். ஆனால் தேறுவதற்கு ஆன காலமெல்லாம் முதல் நாளே முழு விலை கொடுத்தவர்களின் தலையில்தான் விடிந்தது.

தேறாத கதைகளும் உண்டு. தி டே பிஃபோர் என்ற விளையாட்டு 2023 டிசம்பர் 7ஆம் தேதி ஏர்லி ஆக்சஸில் வந்தது. நான்காவது நாள் அதைத் தயாரித்த நிறுவனம் தன்னையே இழுத்து மூடுவதாக அறிவித்தது. ஊரே சத்தம் போட்டதால் பணம் திரும்பக் கிடைத்தது. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2 அப்படிச் சத்தமாகச் சாகவில்லை. 2023 பிப்ரவரியில் 50 அமெரிக்க டாலருக்கு ஏர்லி ஆக்சஸில் வந்தது, ராக்கெட் கட்டும் விளையாட்டு. வேற்று நட்சத்திரங்கள், குடியேற்றங்கள், நண்பர்களோடு சேர்ந்து விளையாடுவது எல்லாம் பின்னால் வரும் என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள். 2024இல் அதைச் செய்துகொண்டிருந்த ஸ்டூடியோ மூடப்பட்டது. மூடிய பிறகும் விளையாட்டு விற்பனையில் இருந்தது. லாலான் முளைத்த தாமானின் வாசலில் 'வீடு விற்பனைக்கு' பலகை தொங்குவதுபோல.

சத்தம் போட்டால் பணம் வருகிறது, அமைதியாகச் செத்தால் வருவதில்லை. என் அக்கா மகனின் தீவு அமைதியாகத்தான் செத்தது.

உடனே 'இதைத் தடை செய்யுங்கள்' என்று கேட்கப் போகிறேன் என நினைக்க வேண்டாம். தடை செய்தால் முதலில் வருத்தப்படுகிறவன் நான்தான். பல்டூர்ஸ் கேட் 3 ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், 2020 அக்டோபரிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை, ஏர்லி ஆக்சஸில் கிடந்துதான் முழுமையாக வந்தது. வந்தபோது ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று பேர் வாங்கியது. ஹேடீஸும் அப்படித்தான் வளர்ந்தது. மைன்கிராஃப்டை உலகம் வாங்கத் தொடங்கியது 2009இல், அது முடிந்ததாக அறிவிக்கப்பட்டது 2011 நவம்பரில். நம் நாட்டுப் பிள்ளைகளும் இந்த வழியில் வந்திருக்கிறார்கள். மேக்னஸ் கேம்ஸ் என்ற மலேசிய ஸ்டூடியோ ரீ:லெஜெண்டுக்கு 2017இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டியது, 2019இல் ஏர்லி ஆக்சஸுக்குக் கொண்டுவந்தது. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு கடைவீட்டு மாடியில் விளையாட்டு செய்ய வேண்டுமானால் எந்த வங்கி கடன் கொடுக்கும்? விளையாடப் போகிறவர்கள்தான் கொடுப்பார்கள். அந்தக் கதவை மூடச் சொல்வது என் வேலையல்ல. வீடமைப்புச் சட்டமும் வீடு விற்பதைத் தடுக்கவில்லையே.

சரி, இன்று எனக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? பெரும்பாலும் கடைக்காரரின் தயவு. ஸ்டீம் 2015 ஜூனிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்பும். முடிந்த விளையாட்டுக்கு இது நல்ல விதி. ஏர்லி ஆக்சஸுக்கும் இதே கணக்குத்தான், அங்கேதான் இடிக்கிறது. ஆறு மாதத்தில் பாலம் முடியும் என்று சொன்னால், முடிந்ததா இல்லையா என்று ஏழாவது மாதத்தில்தானே தெரியும்? அதற்குள் 14 நாள் எப்போதோ போயிருக்கும். 2025இல் ஸ்டீம் இன்னொன்றும் செய்தது: ஓராண்டுக்கு மேல் அப்டேட் இல்லாத ஏர்லி ஆக்சஸ் விளையாட்டுகளின் பக்கத்தில் அதைச் சொல்லி எச்சரிக்கிறது. யாரும் கட்டாயப்படுத்தாமல் செய்ததற்குப் பாராட்டு. ஆனால் அது இனி வாங்கப் போகிறவருக்கான எச்சரிக்கை, வாங்கிவிட்டவருக்கு அதில் ஒன்றுமில்லை. கடை நாளைக்கு மனம் மாறினால் இந்த இரண்டும் போய்விடும்.

அதனால்தான் நம் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். வழக்கறிஞன் அல்ல நான், கணக்கெழுதுகிறவன். சட்டம் வாசிப்பது பழக்கமில்லை, ஆனாலும் சுவாரசியமாகத்தான் இருந்தது. 'பொருள்' என்றால் என்ன என்று ஒரு விளக்கம் வருகிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்குவது எல்லாம் பொருள் என்று சொல்லிவிட்டு, எவையெல்லாம் அதில் அடங்கும் என்று அடுக்குகிறார்கள். விலங்கு உண்டு, மீனையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். கப்பல் உண்டு, வண்டி உண்டு, மரம், செடி, பயிர் எல்லாம் உண்டு. மென்பொருள் மட்டும் பேர் சொல்லி இல்லை. சௌகிட் சந்தையில் வாங்கிய மீன் அழுகியிருந்தால் சட்டம் என் பக்கம் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. 95 வெள்ளி விளையாட்டு அழுகியிருந்தால், அது பொருளா சேவையா என்றே முதலில் வாதாட வேண்டும். 1999இல் இதை யோசித்திருக்க முடியாதுதான், குறை சொல்லவில்லை. முதலில் இணைய வாணிபமே அந்தச் சட்டத்துக்கு வெளியில்தான் இருந்தது, 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உள்ளே கொண்டுவந்தீர்கள். ஒருமுறை செய்ததை இன்னொரு முறை செய்ய முடியும். பிரிட்டன் 2015இல் தன் பயனீட்டாளர் உரிமைச் சட்டத்தில் டிஜிட்டல் உள்ளடக்கத்துக்கு என்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கியது.

நம் சட்டத்திலேயே 'எதிர்காலச் சேவை ஒப்பந்தம்' என்று ஒரு பிரிவும் இருக்கிறது. உடற்பயிற்சி நிலையத்துக்கு ஓராண்டுச் சந்தா கட்டுகிறோமே, அந்த மாதிரி தொடர்ந்து வர வேண்டிய சேவைக்கு. நடுவில் விலகிக்கொள்ளப் பயனீட்டாளருக்கு அதில் வழி வைத்திருக்கிறார்கள். மாதாமாதம் அப்டேட் தருகிறேன் என்று முன்கூட்டியே பணம் வாங்குவது அதற்கு எவ்வளவு தூரம்? பக்கத்து வீடு மாதிரிதான் எனக்குத் தெரிகிறது. அதிகாரப்பூர்வமாக நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தெளிவாகிவிடும்.

"கடை அமெரிக்காவில், ஸ்டூடியோ ஐரோப்பாவில், நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். இதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் உண்டு.

முதல் பதில் ஆஸ்திரேலியா. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது அந்நாட்டுப் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் 2014இல் வழக்குப் போட்டது. பணம் திருப்பித் தர மாட்டோம் என்று கடையின் விதிகளில் எழுதியிருந்ததுதான் பிரச்சினை. நாங்கள் ஆஸ்திரேலியாவில் வாணிபமே செய்யவில்லை, எங்களுக்கு எங்கள் ஊர்ச் சட்டம்தான் என்று நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. 2016இல் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம். மேல்முறையீட்டை 2018இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது.

இரண்டாவது பதில் என் ரசீது. 2020 ஜனவரி முதல் வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு இந்த நாடு சேவை வரி வசூலிக்கிறது. அப்போது 6 விழுக்காடு, 2024 மார்ச் முதல் 8. வசூலிப்பது நிதி அமைச்சின் சுங்கத்துறை, உங்கள் அமைச்சு அல்ல என்பது தெரியும். ஆனால் வரி வாங்குவதற்காக வெளிநாட்டு நிறுவனத்தைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்ய வைக்க இந்த அரசாங்கத்தால் முடிந்திருக்கிறது. முகவரி, தொடர்பாள் எல்லாம் அங்கே ஒரு கோப்பில் இருக்கும். அதே கோப்பை வரி கட்டியவனுக்காகவும் ஒருமுறை திறக்கக் கூடாதா?

ஒரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளியில் படித்த காலத்தில் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் திருட்டு சிடி ஐந்து வெள்ளி. செந்தூல் பையன்கள் எல்லாரும் அங்கேதான் வாங்கினோம், மறைக்க என்ன இருக்கிறது. உங்கள் அமைச்சின் அமலாக்க அதிகாரிகள் வருவதைப் பார்த்தால் மேசையைச் சுருட்டிக்கொண்டு கடைக்காரர் ஓடுவார், நாங்கள் வேடிக்கை பார்ப்போம். அசல் பொருளையே வாங்குங்கள் என்று போஸ்டர் ஒட்டினீர்கள், பள்ளிக்கு வந்து பேசினீர்கள். கேட்டோம். சம்பளம் வந்ததும் அசல் வாங்கத் தொடங்கினோம், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தோம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஐந்து வெள்ளி சிடியில் பாலம் மறுகரை வரை இருந்தது.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. டிஜிட்டல் விளையாட்டும் பொருள்தான் அல்லது சேவைதான், எதுவென்று சட்டத்திலேயே எழுதுங்கள். முடியாத விளையாட்டை மலேசியாவில் வெள்ளிக்கு விற்கிறவர், இன்று இதில் என்ன இருக்கிறது, கடைசியாக எப்போது வேலை நடந்தது, வேலை நின்றுபோனால் பணம் என்னாகும் என்ற மூன்றையும் விலைக்குப் பக்கத்திலேயே, விலை அளவு எழுத்தில் போடட்டும். மூன்றாவது கேள்விக்குப் 'பணம் திரும்பாது' என்பதுகூடப் பதிலாக இருக்கலாம், தெரிந்து வாங்குகிறவன் வாங்கட்டும். ஆனால் கெடு சொல்லி விற்றால் கெடு ஒப்பந்தமாக வேண்டும், தவறினால் 14 நாள் கணக்கு அன்றைக்குத்தான் தொடங்க வேண்டும். வீடு மாதிரி கட்டம் கட்டமாகப் பணம் வாங்கச் சொல்லலாமா என்றும் யோசித்தேன். சின்ன ஸ்டூடியோக்கள் தாங்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். பெரிய நிறுவனங்களின் பிரி-ஆர்டருக்கு மட்டும், விளையாட்டு வெளியாகும் வரை பணத்தைக் கடையே தனியாக வைத்திருக்கட்டும் என்பது ஒரு யோசனை. உங்களிடம் என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

இதற்கிடையில், இருக்கும் வழியில் போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்திருக்கிறேன். பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரைக்கும் வழக்குத் தொடுக்கலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. இந்த நாட்டில் சாமானியனுக்குக் கிடைத்த நல்ல விஷயங்களில் அதுவும் ஒன்று. போன சனிக்கிழமை பாரத்தை அச்செடுத்து வந்து, அக்கா மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நிரப்பினேன். கோருபவர் பெயர், என் பெயர். முகவரி, அடையாளக் கார்டு எண். கோரும் தொகை, 95 வெள்ளி. என்ன நடந்தது என்ற இடத்தில் பாலத்தின் கதையை அவனே மலாயில் அழகாக எழுதிக் கொடுத்தான்.

எதிர்த் தரப்பின் பெயர், முகவரி என்று கேட்கும் இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது. அங்கே என்ன எழுதுவது என்று பையன் கேட்கிறான். பாரம் என் மேசையில்தான் இருக்கிறது, உங்கள் பதில் வந்ததும் நிரப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
செந்தூல் வாசி ஒருவன்
கோலாலம்பூர்